வீட்டில் பாதி யாருடையது?

இரண்டு சம்பளம், ஒரு கடன், ஒரு வீடு. போட்ட பணம் சமமாக இல்லாதபோது பங்கு எவ்வளவு என்பதைப் பல கிரயப் பத்திரங்கள் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதன் விலை பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிய வருகிறது.

கல்யாணத்தைப் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்ற பழமொழி இரண்டையும் தனித்தனிச் சோதனைகளாகத்தான் நினைத்தது. பெங்களூர், மும்பை, புனே, குருகிராம் போன்ற நகரங்களில் இப்போது இரண்டும் ஒரே காகிதத்தில் வந்து சேர்கின்றன. ஒருவர் சம்பளத்தை நம்பி வங்கி கொடுக்கும் கடன் இரண்டு படுக்கையறை வீட்டுக்கே போதுவதில்லை. ஆகவே இரண்டு சம்பளச் சீட்டுகள், இரண்டு கையெழுத்துகள், பத்திரத்தில் இரண்டு பெயர்கள்.

வட்டி எவ்வளவு, லிஃப்ட் உண்டா, தண்ணீர் குழாயிலா லாரியிலா என்று மாதக்கணக்கில் விசாரிக்கும் தம்பதிகள், வாங்கப்போகும் வீட்டில் தங்களில் யாருக்கு எவ்வளவு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை. அப்படிக் கேட்பது பிரிவுக்கு நாள் குறிப்பது போல் தோன்றுகிறது. பத்திரம் எழுதுபவரும் கேட்பதில்லை. "இருவரும் கூட்டாக" என்று ஒரு வரி எழுதிவிட்டு எல்லை விவரங்களுக்குப் போய்விடுகிறார். கிழக்கே எத்தனை அடி, மேற்கே எத்தனை அடி என்று துல்லியமாகச் சொல்லும் அதே பத்திரம், உள்ளே வாழப்போகும் இருவரின் பங்கு பற்றி வாய் திறப்பதில்லை.

பத்திரம் பேசாவிட்டால் சட்டம் பேசும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 45வது பிரிவில் இதற்கு விடை வைத்திருக்கிறது. பலர் சேர்ந்து விலை கொடுத்து ஒரு சொத்தை வாங்கும்போது, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், பொதுப் பணத்திலிருந்து விலை தரப்பட்டிருந்தால் அந்தப் பணத்தில் அவரவருக்கு உள்ள உரிமையே சொத்திலும் பங்கு. அவரவர் தனிப் பணத்திலிருந்து தந்திருந்தால், தந்த விகிதமே பங்கு. யார் எவ்வளவு தந்தார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லையென்றால் எல்லோருக்கும் சமம் என்று அனுமானம்.

படிக்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. சிக்கல் நடைமுறையில் வருகிறது. இரண்டு பெயர் இருந்தாலே பாதிப் பாதி என்று ஒருவர் நம்பிக்கொண்டிருப்பார். மற்றவர் வங்கிக் கணக்கு நகல்களோடு வந்து, முக்கால்வாசி என் பணம் என்பார். பத்திரத்தின் மௌனம் இரண்டு வாதத்துக்கும் இடம் கொடுக்கிறது. மேலும் 1882ல் எழுதிய அந்தப் பிரிவு மாதத் தவணை பற்றி எதுவும் சொல்வதில்லை. இன்றைய நகர வீட்டின் விலையில் பெரும்பகுதி வருவதோ வங்கிக் கடனிலிருந்து.

ஒரே வீடு, நான்கு கணக்கு

ஒரு உதாரணக் கணக்கு. பெங்களூரில் ஒரு ஃபிளாட், பதிவுச் செலவெல்லாம் சேர்த்து 1 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 25 லட்சம். அதில் 20 லட்சம் மனைவியுடையது: நகை விற்றது, பி.எஃப்.பில் எடுத்தது, அப்பா கொடுத்தது. கணவருடையது 5 லட்சம். மீதி 75 லட்சம் இருவர் பெயரிலும் வங்கிக் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை சுமார் 65,087 ரூபாய். கணவருக்குச் சம்பளம் அதிகம் என்பதால் தவணையில் மூன்றில் இரண்டு பங்கை அவர் கட்டுகிறார், ஒரு பங்கை மனைவி கட்டுகிறார்.

இந்த வீட்டில் யாருக்கு எவ்வளவு? வாங்கும்போது கையிலிருந்து போட்ட பணத்தை மட்டும் பார்த்தால் மனைவிக்கு 80, கணவருக்கு 20. கடனின் அசலையும் தவணை கட்டும் விகிதத்தில் பிரித்துச் சேர்த்தால் கணவருக்கு 55, மனைவிக்கு 45. வட்டியும் பணம்தானே என்று 20 வருடத்தில் இருவரும் கட்டும் மொத்தத்தையும் கூட்டினால் கணவருக்கு 60, மனைவிக்கு 40. எதையும் நிரூபிக்க முடியாவிட்டால் 50, 50. ஒரே வீடு, நான்கு விடைகள். நான்குக்கும் நியாயம் சொல்ல ஒரு வழக்கறிஞர் கிடைப்பார்.

இதில் காலமும் ஒரு பங்காளி. முதல் மாதத் தவணையில் 53,125 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது 12,000 ரூபாய்க்கும் கொஞ்சம் குறைவு. ஐந்து வருடத்தில் இருவருமாகச் சேர்ந்து 39 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பார்கள். கடன் குறைந்திருப்பது 9 லட்சத்துக்கும் சற்றுக் குறைவாக. பாக்கி இன்னும் 66 லட்சம் இருக்கும்.

அந்தக் கட்டத்தில் வீட்டை 1 கோடியே 30 லட்சத்துக்கு விற்க நேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடனை அடைத்தபின் கையில் நிற்பது 64 லட்சம். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 32 லட்சம். அவரவர் முன்பணத்தை முதலில் எடுத்துக்கொண்டு மீதியைச் சமமாகப் பிரித்தால் மனைவிக்கு 39.5 லட்சம், கணவருக்கு 24.5 லட்சம். விற்ற விலையை 55க்கு 45 என்று பிரித்து, அதிலிருந்து கடன் பாக்கியை அவரவர் கட்டிய விகிதத்தில் கழித்தால் மனைவிக்கு 36.5, கணவருக்கு 27.5. கையில் நிற்கும் பணத்தையே முன்பண விகிதத்தில் பிரித்தால் மனைவிக்கு 51 லட்சத்துக்கு மேல், கணவருக்கு 13 லட்சத்துக்கும் குறைவு. எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒருவர் கையில் பல லட்சம் கூடும், குறையும். ஐந்து வருடம் முன்பு ஒரு பத்தியில் எழுதி முடித்திருக்க வேண்டிய விஷயம் இது.

காய்கறிக்கு ரசீது இல்லை

இந்தக் கணக்கில் வராத பணம் ஒன்று இருக்கிறது. இருவரும் சம்பாதிக்கும் பல வீடுகளில் வசதிக்காக ஒரு ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். ஒருவர் சம்பளம் வீட்டுக் கடனுக்கு, மற்றவர் சம்பளம் வீட்டுச் செலவுக்கு. மளிகை, பால், பள்ளிக் கட்டணம், மாமியாரின் மருந்து, வேலைக்காரம்மாவின் சம்பளம், தீபாவளித் துணி எல்லாம் இரண்டாமவர் கணக்கில். இந்த இரண்டாமவர் பெரும்பாலும் யார் என்று சொல்லத் தேவையில்லை.

வீடு ஓடுவதற்கு இரண்டும் வேண்டும். ஆனால் தவணை ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் வங்கிக் கணக்கில் பதிவாகிறது. 20 வருடத்துக்கு 240 சாட்சிகள். காய்கறிக்குக் கொடுத்த பணத்துக்குச் சாட்சி இல்லை. பிரச்சினை வரும்போது ஒருவர் வீடு வாங்கியவராகவும் மற்றவர் செலவழித்தவராகவும் தோன்றுகிறார்கள்.

வேலைக்கே போகாமல் வீட்டைப் பார்த்துக்கொண்டவர் நிலை இன்னும் சங்கடம். அவரது உழைப்பைப் பணமாக எண்ணிப் பங்கு தரும் சட்டம் பொதுவாக இந்தியாவில் இல்லை. திருமணத்துக்குப் பின் சேர்த்த சொத்து இருவருக்கும் பொது என்று எடுத்துக்கொள்ளும் முறை கோவாவில் உண்டு. 1867ஆம் ஆண்டின் போர்ச்சுகீசிய சிவில் சட்டத்தின் மிச்சம் அது. அங்கே திருமணத்துக்கு முன் வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் கணவன் மனைவி இருவரும் பாதிக்கு உரியவர்கள். விவாகரத்தின்போது கணவரின் சொத்தில் மனைவிக்குப் பங்கு தர வழிசெய்யும் மசோதா ஒன்று 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையைத் தாண்டாமலேயே காலாவதி ஆனது.

நீதிமன்றம் ஒரு முறை துணிந்து ஒரு படி முன்னே வைத்திருக்கிறது. கணவர் சவூதி அரேபியாவில் வேலை பார்த்த காலத்தில் அவர் அனுப்பிய பணத்தில் இங்கே சொத்து வாங்கப்பட்ட வழக்கு ஒன்றில், 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டையும் பிள்ளைகளையும் மனைவி கவனித்துக்கொண்டதால்தான் கணவரால் வெளிநாட்டில் சம்பாதிக்க முடிந்தது. ஆகவே சொத்து சேர்ந்ததில் அவருக்கும் பங்களிப்பு உண்டு என்று சொல்லி, சில சொத்துகளில் பாதி அவருக்கு உரியது என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. பலரும் வரவேற்ற தீர்ப்பு. ஆனால் இது ஒரு வழக்கில் ஒரு நீதிபதி அளித்த தீர்ப்பு. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இல்லை. இதை நம்பிப் பத்திரத்தைக் காலியாக விடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

வங்கிக்கு விகிதம் கிடையாது

தவணையை 65க்கு 35 என்று பிரித்துக்கொள்வது வீட்டுக்குள் நடக்கும் ஏற்பாடு. வங்கியைப் பொறுத்தவரை இருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 43வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுவதையும் கேட்கலாம். கணவர் வேலை இழந்தால் மனைவி தன் மூன்றில் ஒரு பங்கைக் கட்டிவிட்டு ஒதுங்க முடியாது. பிரிந்து வேறு வீட்டில் இருந்தாலும் பாக்கி நின்றால் அவரது கடன் வரலாறும் சேர்ந்தே கெடும்.

முழுவதையும் கட்டியவர் மற்றவரிடம் திரும்பக் கேட்கலாமா? கேட்கலாம். ஆனால் வேறு ஏற்பாடு இல்லையென்றால் சம பங்குதான் கேட்க முடியும் என்கிறது அதே பிரிவு. ஆக, பத்திரம் பேசாவிட்டால் வீட்டில் உரிமை போட்ட விகிதப்படி என்று ஒரு சட்டம். கடனில் பொறுப்பு சமம் என்று இன்னொரு சட்டம். வீட்டில் கால் பங்குக்காரர் கடனில் அரைப் பங்குக்காரராக நிற்க வேண்டி வரலாம்.

இதைவிட மோசமான இடம் ஒன்று உண்டு. பத்திரத்தில் பெயர் இல்லாமல் கடனில் மட்டும் கையெழுத்துப் போடுவது. உரிமையாளர்கள் எல்லோரும் கடனில் சேர வேண்டும் என்று வங்கிகள் பொதுவாகக் கேட்கும். கடனில் சேர்ந்தவர் எல்லோரும் உரிமையாளராக இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. கடன் தகுதியைக் கூட்டுவதற்காக மனைவியின் சம்பளச் சீட்டு மட்டும் வாங்கப்பட்டு, வீடு கணவர் பெயரில் பதிவாகும் குடும்பங்கள் உண்டு. அந்த மனைவிக்கு 20 வருடக் கடன் உண்டு, வீடு இல்லை. வருமான வரியில் வீட்டுக் கடனுக்கான கழிவையும் அவர் கேட்க முடியாது, உரிமையாளருக்குத்தான் அது.

நேர் எதிரான காட்சியும் உண்டு. தில்லியிலும் ஹரியானாவிலும் பெண்களுக்கு முத்திரைத் தீர்வை குறைவு. மகாராஷ்டிரத்தில் 2021 ஏப்ரல் முதல் பெண் பெயரிலேயே வாங்கும் வீட்டுக்கு 1 சதவீதம் சலுகை. சலுகைக்காகவே மனைவி பெயரில் பதிந்துவிட்டு, பெயருக்குத்தான் சேர்த்தது என்று பின்னால் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பதிவான பெயர் பதிவான பெயர்தான். அது வெறும் பெயர் என்று சொல்பவர்தான் அதை நிரூபித்தாக வேண்டும்.

மாமனார் பணம் யார் பணம்?

முன்பணத்தில் பெற்றோரின் சேமிப்பும் கலந்திருப்பது நம் குடும்பங்களில் வழக்கம். மதுரையில் இருக்கும் அப்பா, புனேயில் மகள் வீடு வாங்குகிறாள் என்று தன் ஓய்வூதியப் பணத்தில் 5 லட்சம் அனுப்புகிறார். மரியாதைக்கோ வசதிக்கோ, மாப்பிள்ளையின் கணக்குக்கு அனுப்புகிறார். பத்து வருடம் கழித்து யார் பார்த்தாலும் அது மாப்பிள்ளை கொடுத்த பணமாகவே தெரியும். மகளின் கணக்குக்கு அனுப்பி, இது மகளுக்கு என்று இரண்டு வரிக் கடிதமும் கொடுத்திருந்தால் தீர்ந்தது. பையனைப் பெற்றவர்களுக்கும் இதே விதிதான்.

நகை விஷயம் இன்னும் நுட்பம். கழுத்திலிருந்து கழற்றி விற்ற நகைக்கு ஞாபகம் மட்டும்தான் சாட்சி. விற்ற ரசீதை வைத்துக்கொண்டு, பணத்தைத் தன் கணக்கில் போட்டு, அங்கிருந்து காசோலையாகக் கொடுத்தால் அது அவருடைய பங்காக நிற்கும். எப்படியும் வீட்டு விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வரிக்காக வந்த விதி, பங்களிப்புக்கும் சாட்சி ஆகிறது.

ஒருவர் மட்டும் மிஞ்சினால்

பிரிவைப் பற்றிப் பேசத் தயங்குபவர்கள்கூட மரணத்தைப் பற்றி ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்: இரண்டு பேர் பெயரில் இருக்கிறது, ஒருவர் போனால் மற்றவருக்கு. வங்கியில் 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்' என்று கணக்கு வைத்துப் பழகியதால் வந்த நம்பிக்கை இது. வீட்டுக்கு இது பொருந்தாது. கூட்டுக் குடும்பச் சொத்துக்கு வெளியே, உயிரோடு இருப்பவருக்கே முழுதும் சேரும் கூட்டுரிமை இந்துச் சட்டத்துக்குப் பழக்கமில்லாதது என்று 1896லேயே பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. அப்படி வேண்டுமானால் பத்திரத்தில் தெளிவாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் இறந்தவரின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும்.

வாரிசுகள் யார்? மேலே பார்த்த குடும்பத்தில் 55 சதவீதம் கொண்ட கணவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, இரண்டு குழந்தைகள், கணவரின் தாயார் ஆகிய நால்வருக்கும் ஆளுக்கு 13.75 சதவீதம். மனைவியின் பங்கு 45லிருந்து 58.75 ஆகும்; முழு வீடு ஆகாது. குழந்தைகள் மைனர்கள் என்றால் அவர்கள் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். கிறிஸ்தவக் குடும்பத்தில் குழந்தைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி குழந்தைகளுக்கு. முஸ்லிம் குடும்பத்தில் குழந்தைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு.

மனைவி முதலில் இறந்தால்? இந்துக் குடும்பத்தில் கணவருக்கும் குழந்தைகளுக்கும். குழந்தை இல்லாவிட்டால் முழுவதும் கணவருக்கு. கணவரும் இல்லாவிட்டால் அவள் சொந்தமாகச் சம்பாதித்துச் சேர்த்தது அவளுடைய பெற்றோருக்கு முன்பாகக் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். இது ஏட்டுச் சட்டம் மட்டுமில்லை. மணமான மூன்று மாதத்தில் கணவரை இழந்து, புகுந்த வீட்டால் துரத்தப்பட்டு, பிறந்த வீட்டில் படித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பு, அவர் உயில் எழுதாமல் இறந்ததால் கணவர் வழி உறவினருக்கே உரியது என்று 2009ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுதாபம் மட்டும் சட்டத்தை மாற்றாது என்பதே அந்த ஓம் பிரகாஷ் வழக்கின் சாரம்.

ஆகவே மகளின் வீட்டுக்காக ஓய்வூதியப் பணத்தைக் கொடுத்த அப்பா, தன் பணம் கடைசியில் எங்கே போகும் என்பதை மகளின் உயிலை நம்பித்தான் இருக்கிறார். உயில் எழுத முத்திரைத்தாள் தேவையில்லை; பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும். ஹவுசிங் சொசைட்டியில் நாமினேஷன் கொடுத்தாயிற்று என்பதும் உயிலுக்கு மாற்று ஆகாது. நாமினி சொத்தைக் கையில் வாங்கிக்கொள்பவர். வாரிசுக்கு உள்ள உரிமையை அது அழிப்பதில்லை.

திருமணம் இல்லாத துணை

திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களும் பெருநகரங்களில் சேர்ந்து வீடு வாங்குகிறார்கள். அவர்களுக்குப் பத்திரம் மட்டுமே கதி. ஒருவர் பணம் கொடுத்து இன்னொருவர் பெயரில் வாங்குவதைத் தடுக்கும் பினாமிச் சட்டம் 1988ல் வந்தது. 2016 நவம்பரில் கடுமையாக்கப்பட்டது. கணக்குக் காட்டிய வருமானத்திலிருந்து கணவன், மனைவி, பிள்ளைகள் பெயரில் வாங்க அதில் விலக்கு உண்டு. உடன்பிறந்தவர்கள், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருடன் கூட்டுப் பெயரில் வாங்கவும் விலக்கு உண்டு. மணமாகாத துணைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

வரியிலும் அதே கதை. கணவன் மனைவிக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு வாங்குபவர் வரி கட்ட வேண்டாம். உறவினர் பட்டியலில் இல்லாத துணை ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அது வாங்குபவரின் வருமானமாகிவிடும். ஆகவே 80க்கு 20 என்று போட்டுவிட்டுப் பெருந்தன்மையாக 50க்கு 50 என்று எழுதுவது தம்பதிகளுக்குச் சுலபம். மற்றவர்களுக்கு வரித்துறையின் கேள்வியை வரவழைக்கும். உயில் இல்லாமல் இறந்தால் துணைக்கு வாரிசுரிமையும் இல்லை. இறந்தவரின் பெற்றோரோ உடன்பிறந்தோரோ மறுநாள் முதல் வீட்டின் இணை உரிமையாளர்கள். ஒரே பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டதால் அத்தகைய இணையரின் நிலையும் இதுவே.

சதவீதம் அதிகாரமும்தான்

பங்கு எவ்வளவு என்பது பணத்தோடு முடிவதில்லை. ஒத்துவராத இணை உரிமையாளர்கள் நீதிமன்றம் போனால், ஃபிளாட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது. 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி, அப்படிப் பிரிக்க வசதிப்படாத சொத்தை விற்றுப் பணத்தைப் பிரிக்கச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஆனால் கேட்பவர் கையில் பாதி அல்லது அதற்கு மேல் பங்கு இருக்க வேண்டும். அவர் கேட்டுவிட்டால் மற்றவர் அந்தப் பங்கை மதிப்பீட்டு விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் வாய்ப்பைக் கோரலாம். இரு பங்காளிகள் மட்டும் இருக்கும் வீட்டில் 50 உள்ளவர் விற்பனையைக் கேட்க முடியும். 45 உள்ளவரால் முடியாது. பத்திரத்தில் 5 சதவீத வித்தியாசம் என்பது சில சமயம் கதவைத் திறக்கும் சாவி.

குடியிருக்கும் உரிமை வேறு விஷயம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டாலும் பெண்ணுக்குச் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமை தருகிறது. திருமணம் போன்ற உறவில் வாழும் பெண்ணுக்கும் அது பொருந்தும். வசிக்கும் உரிமை தலைக்கு மேல் கூரை தரும். சொத்தில் பங்கு தராது.

பத்திரம் எழுதும் முன்

பங்கை எண்ணில் எழுதுங்கள். கிரயப் பத்திரத்திலேயே ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இத்தனை சதவீதம் என்று இருக்கட்டும். 45வது பிரிவு 'வேறு ஒப்பந்தம் இல்லையென்றால்' என்ற நிபந்தனையோடுதான் பேசுகிறது. அந்த ஒப்பந்தம் உங்கள் கையில். தனியாக ஒப்பந்தம் எழுதி அதில் பங்கைத் தீர்மானிப்பதானால் அதையும் பதிவு செய்ய வேண்டும். பதிவாகாத காகிதம் சொத்துரிமையை நிலைநாட்ட நீதிமன்றத்தில் உதவாது.

எந்தக் கணக்கு என்று முடிவு செய்யுங்கள். முன்பணம் மட்டுமா, தவணையும் சேர்த்தா, வீட்டுச் செலவை ஏற்பவருக்கு என்ன மதிப்பு? இருவருக்கும் சமம் என்று முடிவு செய்வதும் ஒரு கணக்குதான். ஒருவர் காய்கறியையும் பள்ளிக் கட்டணத்தையும் பார்த்துக்கொள்வதால்தான் மற்றவரால் தவணை கட்ட முடிகிறது என்று ஒப்புக்கொண்டு 50க்கு 50 எழுதுவது, கேட்காமல் விட்டதால் 50க்கு 50 என்று அனுமானிக்கப்படுவதிலிருந்து வெகுதூரம்.

வரியை முன்னாலேயே பாருங்கள். பங்கு திட்டவட்டமாக இருந்தால் வருமான வரி ஒவ்வொருவருக்கும் தனித்தனி. பழைய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்குக் குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு. உரிமையாளராகவும் கடன்தாரராகவும் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இது தனி. புதிய திட்டத்தில் இது இல்லை. ஒருவர் பணத்தில் மற்றவர் பெயரில் வாங்கிய பங்கை வாடகைக்கு விட்டால், தம்பதிகளிடையே அந்த வாடகை பணம் கொடுத்தவரின் வருமானத்தோடு சேர்க்கப்படலாம்.

வழி அனுப்பும் விதியையும் எழுதிவையுங்கள். விற்க நேர்ந்தால் யாருக்கு முதல் உரிமை, விலையை யார் மதிப்பிடுவது, ஒருவர் வேலை இழந்தால் மற்றவர் கூடுதலாகக் கட்டும் தவணை கடனா பங்கா? கடன் தொகைக்கு இருவர் பெயரிலும் ஆயுள் காப்பீடு. கையோடு ஆளுக்கொரு உயில்.

இதற்கெல்லாம் ஒரு மாலைப் பொழுது போதும். அட்வான்ஸ் கொடுத்த நாளுக்கும் பத்திரத்தின் நகல் கைக்கு வரும் நாளுக்கும் இடையில் அந்த மாலை கிடைக்கும். பதிவு முடிந்த பிறகு பங்கை மாற்றுவதற்கு விடுதலைப் பத்திரமோ தானப் பத்திரமோ எழுதி, மறுபடி தீர்வை கட்டி, கடன் தீரும்வரை வங்கியின் சம்மதமும் வாங்க வேண்டும். அப்போது இருவரும் ஒரே மேஜையில் உட்காரும் மனநிலையில் இருப்பார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.